ஸ்டியரிங்கில் இரண்டு விரல் ஆட்டம்

தம்பி,

நீ அனுப்பிய வண்டி மாற்றப் படிவம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நான் கையெழுத்து வைக்க வேண்டிய மூன்று இடத்திலும் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறாய். பார்த்தேன். வைக்கவில்லை. காரணத்தைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் "சரி, சரி" என்று விட்டுவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடித்துச் சமையலுக்கு முதல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடிந்ததும் தாள்களைப் படமெடுத்து அனுப்புவேன். மருமகளும் வாசிக்கலாம். ஒளிக்கிறதற்கு இதில் ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் நீங்கள் இருவரும் கனடாவுக்குப் போகிறீர்கள். அதற்கு முதல் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று நீ நினைப்பது நியாயம்தான். அப்பா போனபிறகு அது என் பெயரில் நிற்கிறது, நான்தான் ஓட்டுகிறேன். சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர எனக்கு அவ்வளவு பெரிய வண்டி தேவையும் இல்லை. நீ கொழும்பிலிருந்து பிடித்துத் தந்த ஆளும் நல்ல ஆள்தான். குச்சவெளிப் பக்கம் வேலை மாற்றம் கிடைத்து வந்திருக்கிற மருத்துவிச்சிப் பிள்ளை. கடற்கரை றோட்டால் தினமும் போய், வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்த்து வர வண்டி வேண்டுமாம். பதினைந்து நாளைக்கு முதல் தமையனோடு வந்தாள். அவள் வருவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முதல் நீ எடுத்துச் சொன்னது நினைவிருக்கும். "அம்மா, அந்தக் கொப்பியை எடுத்துக் காட்டாதேங்கோ. பொய் சொல்லவும் வேண்டாம். கேட்டா மட்டும் சொல்லுங்கோ." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தமையன் நாலு கதவையும் அடித்துப் பார்த்தான், ஏசியைப் போட்டு முகத்தைக் காட்டினான், நல்ல நிறம் என்றான். நான் தேத்தண்ணி கொடுத்தேன். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வந்து முற்றாக்குகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீ காட்ட வேண்டாம் என்ற கொப்பி எப்படி வந்தது என்பதை மருமகளுக்காக எழுதுகிறேன். அப்பாவுக்குத் துறைமுகத்து இயந்திரங்களோடு இருபத்தெட்டு வருடம். ஓய்வெடுக்க முதலே காது மந்தமாகிவிட்டது. வண்டி நன்றாக ஓட்டுவார், ஆனால் வண்டி போடுகிற சத்தம் அவருக்குக் கேட்காது. முன் ஆசனத்தில் இருந்தால் பிறேக் மிதிக்கிற மாதிரி நானும் காலை ஊன்றுகிறேன் என்று அவருக்கு எரிச்சல். ஆகவே பின்னால் இடப்பக்கம்தான் என் இடம். சில்லு எனக்கு நேர் கீழே. அங்கே கேட்பதை நான் சொன்னால், "உனக்குக் காதுக்குள்ள ஆரோ குடியிருக்கினம்" என்பார். சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதத் தொடங்கினேன். எத்தனையாவது கிலோமீற்றரில், எந்தச் சத்தம், எந்தப் பக்கம், நேர் ஓட்டத்திலா திரும்பும்போதா, மழையிலா வெயிலிலா. எங்கள் வண்டிகளைத் திருத்துகிற மெக்கானிக் ரசீத் நானாவிடம் அதைக் கொடுத்தால் வாசித்துவிட்டு நேரே அந்தச் சில்லுக்குப் போவார். ஒருவரும் என்னை உட்காரவைத்துப் படிப்பிக்கவில்லை. கராஜில் காத்திருக்கும்போது ஒரு கதிரை தருவார்கள். வேறு பெண்கள் அதில் இருந்து போன் பார்ப்பார்கள். நான் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான்.

அங்கே போய் நீயும் பழைய வண்டிதான் வாங்குவாய். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். வாங்க முதல் ஓடிப் பார்க்கும்போது ரேடியோவை நிறுத்து, யன்னலை இறக்கு, நல்ல றோட்டை விட்டுக் குழி விழுந்த றோட்டில் மெதுவாக ஓடு. சின்னச் சின்னக் குழியில் தகரப் பேணியைத் தட்டுகிற மாதிரி டக்டக் என்றால் அனேகமாக இரண்டு பக்கத்தையும் இணைக்கிற கம்பியின் லிங்க் தேய்ந்திருக்கும். அதற்குப் பயப்படத் தேவையில்லை, மாற்றுவது சின்ன வேலை. பெரிய குழியில் விழுந்து எழும்பும்போது பலகையைக் கீழே போட்ட மாதிரித் தடித்த சத்தம் கேட்டால், சில்லைத் தாங்குகிற லோவர் ஆமின் றப்பர் புஷ் கிழிந்திருக்கும். மேடு தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தரம் தொட்டில் மாதிரி ஆடினால் அதிர்வை அடக்குகிற சொக் முடிந்துவிட்டது. குனிந்து பார், எண்ணெய் கசிந்து புழுதி பிடித்திருக்கும். சொக் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று. ஒரு கால் புதிசும் ஒரு கால் பழசுமாக வண்டி நடக்க ஏலாது. ஒரு பக்கம் இழுத்தால் முன் ரயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் ரயரில்தான்.

பிறகு முன் சில்லை ஜக்கில் தூக்கச் சொல். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே தலையைக் கொடுக்காதே, தாங்கி வைத்தபிறகுதான் போ. சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் சில்லை ஆமோடு பொருத்துகிற போல் ஜொயின்ட் அல்லது பெயாரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்கு வருகிற ரொட் எண்ட். றப்பர் உறை கிழிந்திருக்கிறதா, ஈரமா என்று விரலால் தடவிப் பார். அங்கே பனிக்கு றோட்டில் உப்புப் போடுவார்களாம். எங்களுக்குக் கடற்காற்று செய்கிறதை உங்களுக்கு அது செய்யும். புது புஷ் போட்டால் கடைசி இறுக்கை வண்டி நாலு சில்லிலும் நிலத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் முறுகி நின்று கெதியில் கிழிந்துவிடும். தேய்ந்ததெல்லாம் மாற்றி முடிந்தபிறகுதான் சில்லுகளை நேர்ப்படுத்துகிற அலைன்மன்ட். அதை முதலில் செய்கிறது கிழிந்த சட்டையை அயன் பண்ணுகிற மாதிரி. இதையெல்லாம் செய்ய விடாத ஆளிடம் வாங்காதே.

ஆனால் செய்ய விடுகிற ஆளும் ஏமாற்றலாம். அது எப்படி என்று உனக்குச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

எங்கள் பழைய வெள்ளைக் கார் உனக்கு நினைவிருக்கும். அது விலைப்பட்ட நேரம் நீ கண்டியில் படித்துக்கொண்டிருந்தாய், விடுமுறைக்கு வந்து நின்றாய். அதன் முன் இடப்பக்கத்தில் ஒரு முனகல் வந்தது. நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் துருப்பிடித்த படலையைத் திறக்கிற மாதிரிச் சத்தம். ரசீத் நானா பார்த்துவிட்டு, போல் ஜொயின்டின் உறை கிழிந்து தண்ணீர் போய் உள்ளே கிறீஸ் வற்றிவிட்டது, ஆமோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்றார். "இது கழண்டா சில்லு படுத்திடும் தங்கச்சி. எப்ப கழரும் எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது." அப்பா அதற்குள் இப்போது நிற்கிற இந்தப் பெரிய வண்டியை வாங்கப் பேசி முடித்துவிட்டார். போகிற வண்டிக்கு ஏன் வேலை என்றார். நானும் ஓம் என்றேன். ஊசியால் கிறீஸ் ஏற்றினால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் நிற்கும், சில பேர் விற்க முதல் அப்படிச் செய்வார்கள், நான் செய்ய மாட்டேன் என்று ரசீத் நானா கதையோடு கதையாகச் சொல்லியிருந்தார். அவர் எச்சரிக்கையாகச் சொன்னதை நான் செய்முறையாக எடுத்துக்கொண்டேன். கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிற தடித்த ஊசி வீட்டில் இருந்தது. கிறீசை ஒயிலில் இளக்கி, உறைக்குள் குத்தி ஏற்றினேன். அப்பா ரோச் பிடித்தார். உன்ர கை டொக்டர்ர கை என்று மெச்சினார். முனகல் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை சத்தம் நின்றதற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். என் கையால் நிறுத்தியது என்று தெரிந்துகொண்டே உடைத்தேன். அதை இப்போது எழுதும்போதுதான் எவ்வளவு துணிவு என்று தெரிகிறது.

வாங்க வந்தவர் கிளிவெட்டியில் வயல் செய்கிறவர், நாற்பத்தைந்து வயது வரும். அப்பாவோடு ஓர்ஸ் ஹில் மேட்டில் ஏறி இறங்கி இரண்டு சுற்று ஓடிப் பார்த்தார். திரும்பி வந்து அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. குசினி வாசலுக்கு வந்தார். நான் பூசை முடித்து நெற்றியில் திருநீற்றோடு நின்றேன். அதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். "அக்கா, விக்கிற நேரம் ஆம்பிளையள் நூறு சொல்லுவினம். நீங்கள் சொல்லுங்கோ. வண்டியில சத்தம் கித்தம் ஏதும் இருக்கோ?" நான் சொன்னேன், "இப்ப ஒரு சத்தமும் இல்லைத் தம்பி." அந்த வசனத்தில் பிழை பிடிக்க ஏலாது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீ அப்போது முற்றத்தில் கார் யன்னலைத் துடைத்துக்கொண்டு நின்றாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு துணியைப் பிழிந்தாய். அதற்கு முந்திய நாட்களில் அந்த முனகலைக் கேட்டு "என்னம்மா இது, ஆடு கத்துது" என்று பகிடி பண்ணியவன் நீதான். ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்து நாளைக்கு முதல் நீ எனக்குச் சொன்ன "கேட்டா மட்டும் சொல்லுங்கோ" எங்கேயிருந்து உனக்கு வந்தது என்று நான் தேடத் தேவையில்லை. நானோ கேட்டும் சொல்லாதவள்.

ஆறு நாள் பொறுத்தேன். சாமி அறையில் இருக்க முடியவில்லை என்று பெரிதாகச் சொல்லவில்லை. இருந்தேன், தேவாரம் படித்தேன், படிக்கும்போது அந்தச் சில்லு படுக்கிற மாதிரி மனதில் வந்துகொண்டிருந்தது. ஏழாம் நாள் அப்பாவுக்குச் சந்தை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, கிண்ணியா, மூதூர் தாண்டிக் கிளிவெட்டியில் இறங்கினேன். வீடு தேடிப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை, வண்டி வாசலில் நின்றது. குனிந்து பார்த்தேன். இடப்பக்கம் புது லோவர் ஆம் பளபளவென்று இருந்தது. அவர் வந்தார், என்னைக் கண்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோசம். கதிரையைத் துடைத்துப் போட்டார். வாங்கி ஐந்தாம் நாளே கத்தத் தொடங்கிவிட்டதாம், மூதூரில் காட்டினாராம், இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் கழன்றிருக்கும் என்றார்களாம். "அதுக்கு முதல் நாள்தான் அக்கா, மகளைப் பிரசவத்துக்கு அதில கொண்டு போனனாங்கள். முருகன் காப்பாத்தினார்." பிறகு தானாகவே சொன்னார். "உங்களிட்டக் கேட்டனான்தானே. நீங்கள் இல்லையெண்டனீங்கள். அப்ப இது நான் வயல் தண்ணிக்குள்ள விட்டதால பிறகு வந்ததுதான்." சொல்லத்தான் போனேன், தம்பி. வாய் வரைக்கும் வந்தது. அவருடைய மனைவி தேத்தண்ணியும் பேரப்பிள்ளையும் கொண்டு வந்து இரண்டையும் என் கையில் தந்தா. நான் சொல்லவில்லை. புது அரிசி ஒரு பை கட்டித் தந்தார்கள். அதைச் சமைக்க மனம் வராமல் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுத்தேன். அங்கே அதற்கு ஐயர் என்னை வாழ்த்தினார். பிழையை மறைக்கத் தொடங்கினால் அது இப்படித்தான், வாழ்த்துக்கூட வாங்கித் தரும்.

இப்போது இந்த வண்டி. உங்கள் கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முதல் ஸ்டியரிங் திருப்பலைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற ராக்கின் இடப்பக்க உறை கிழிந்திருக்கிறது என்று நான் கொப்பியில் எழுதியிருக்கிறேன். கலியாணம் முடியட்டும் என்று விட்டேன். படம் பிடிக்கிற பையன்கள் சொன்னார்கள் என்று நீ வண்டியைக் கடற்கரையில் அலை வந்து போகிற இடத்தில் இறக்கி நிறுத்தினாய். சில்லு பாதி தண்ணீரில், நீங்கள் இரண்டு பேரும் பொனற்றில். படம் வடிவான படம்தான். வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவியிருக்க வேண்டும். வீடு நிறைய ஆட்கள், நான் சோறு போட்டுக்கொண்டு நின்றேன். மூன்று மாதமாக ஸ்டியரிங்கில் இரண்டு விரல் ஆட்டம் இருக்கிறது. அதாவது நான் இரண்டு விரல் அகலம் திருப்பும் வரைக்கும் சில்லுக்கு ஒன்றும் தெரியாது. சரிவில் இறங்கும்போது வண்டி தன்பாட்டுக்குப் பக்கம் தேடும். திருப்பும்போது உள்ளங்கையில் டொக் என்று ஒரு தட்டு. போன முறை வந்தபோது உனக்கும் அது பட்டது. நீ அலைன்மன்ட் செய்வித்து, பச்சை இலக்கங்கள் போட்ட தாளைக் கொண்டுவந்து டாஷ்போட்டுக்குள் வைத்தாய், வாங்க வருகிற ஆள் பார்க்கட்டும் என்று. அந்த இயந்திரம் நிற்கிற வண்டியை அளக்கிறது. ஓடுகிற வண்டியின் ஆட்டம் அதற்குத் தெரியாது. நான் ஊசியால் செய்ததை நீ தாளால் செய்திருக்கிறாய். கோபித்து எழுதவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

படிவம் வந்த அடுத்த நாள் ரசீத் நானாவிடம் போனேன். தூக்கி, இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். உறையைக் கழற்றினார். உள்ளேயிருந்து மண்ணிறத் தண்ணீர் ஊற்றியது. "உப்புத் தண்ணி தங்கச்சி. ரொட்டும் போயிட்டு, ராக்கும் தேஞ்சிட்டு. இந்த வண்டி கடலுக்குள்ள மீன் பிடிக்கவா போனது?" கலியாணப் படம் பிடிக்க என்றேன். அவர் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். பிறகு எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, குச்சவெளிப் பக்கம் ஓடுகிற ஆளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று சாதாரணமாகச் சொன்னார். அந்த றோட்டில் மாடு குறுக்கே வரும், வெட்டித் திருப்ப வேண்டி வரும், அந்த நேரம் இந்த இரண்டு விரல் ஆட்டமும் உயிருக்குக் கணக்குத்தான் என்றார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையும் தமையனும் வந்தார்கள். கடையில் கேக் வேறு வாங்கிக்கொண்டு வந்தார்கள். தேத்தண்ணி வைக்க முதல் அவளைச் சாரதி ஆசனத்தில் இருத்தினேன். எஞ்சினைப் போட்டு, ஸ்டியரிங்கை மெதுவாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டச் சொல்லிவிட்டுத் தமையனை முன் சில்லைப் பார்க்கச் சொன்னேன். இங்க ஒண்டும் அசையேல்லை என்றான். அவள் கை அசைந்துகொண்டிருந்தது. அது என்ன, எதால் வந்தது, எவ்வளவு நாளாக என்று எல்லாம் சொன்னேன். அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்காமலே கேட்டாள்.

"அன்ரி, இதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

நீங்கள் கேக்கேல்லைப் பிள்ளை என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. விழுங்கினேன். "மகன்ர பயணத்தை நினைச்சுச் சொல்லாமல் விட்டனான். பிழைதான்."

 தமையன் என்மேல் பாய்ந்தான். இன்னும் என்னவெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள், வண்டிக்கு அடியாவது இருக்கோ என்று கேட்டான். நான் கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினான், இதில பருப்பு விலையும் கிடக்கு என்றான், பிறகு பக்கம் பக்கமாக வாசித்தான். வாசித்துவிட்டுத் தங்கச்சியிடம் நீட்டினான். அவள் முழுவதையும் வாசித்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள். கேக்கை வைத்துவிட்டுப் போனார்கள்.

நேற்று வண்டியை ரசீத் நானாவிடம் விட்டுவிட்டேன். ராக், இரண்டு பக்க ரொட் எண்ட், உறைகள், எல்லாம் மாற்றிக் கடைசியில் அலைன்மன்ட். சாமான் வர இரண்டு கிழமையாவது செல்லும் என்றார். முடிந்ததும் நானே குச்சவெளி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வருவேன். அதற்குப் பிறகு யார் வாங்க வந்தாலும், கேட்க முதல் சொல்வேன். அதுவரைக்கும் கையெழுத்து இல்லை. இது உன் பயணத்துக்கு முதல் முடியாது. அந்தப் பணத்தை நம்பி நீ என்ன ஒழுங்கு செய்திருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். அந்தக் கஷ்டத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்ப எனக்கு மனமில்லை.

இவ்வளவும் எழுதி நிறுத்த இருந்தேன். அதற்குள் போன் வந்தது, அந்தப் பிள்ளைதான். வண்டி எடுக்கவில்லை என்றாள், மன்னிக்கச் சொன்னாள். நான் அதில் மன்னிக்க ஒன்றும் இல்லை என்றேன். பிறகு கேட்டாள். "அன்ரி, நாளைக்கு ரவுணில வேற ஒரு வண்டி பாக்கப் போறன். அண்ணாவுக்குக் கதவைத் தவிர ஒண்டும் தெரியாது. நீங்கள் ஒருக்கா வந்து பின்னுக்கு இருந்து கேட்டுச் சொல்லுவீங்களோ?"

ஓம் என்றேன். ஆகவே நாளைக்குப் பகல் நான் வீட்டில் நிற்கமாட்டேன். நீ ஏச இருந்தால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடு.

அம்மா